வகுப்பில் கேட்டது உடம்பில் சேர்ந்ததா?

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரத்தில், 2003 தொடங்கிச் சில ஆண்டுகள், பள்ளிச் சிறுமிகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பொம்மைக் குழந்தையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறந்த குழந்தையின் அளவும் கனமும் உள்ள பொம்மை. அதன் வயிற்றுக்குள் ஒரு சிறு மின்னணுக் கருவி. நேரங்கெட்ட நேரத்தில் அழும். பால் புகட்ட வேண்டும், ஏப்பம் விடவைக்க வேண்டும், ஆட்டித் தூங்கவைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். கழுத்தைத் தாங்கிப் பிடிக்காமல் தூக்கினால் அதையும் குறித்துக்கொள்ளும். சிறுமிகளுக்கு வயது 13 முதல் 15. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பொம்மை அவர்கள் பொறுப்பு. பள்ளிச் செவிலியர் நடத்தும் வகுப்புகளும், சின்ன வயதில் தாயானவர்களைப் பற்றிய ஒரு படமும் இதோடு சேர்ந்தவை. படிக்கிற வயதில் கர்ப்பமாவதைத் தடுக்க வேண்டும் என்பது நோக்கம்.

கேட்டவுடன் யாருக்கும் சரியென்று படும் யோசனை இது. குழந்தை வளர்ப்பது எத்தனை பாடு என்று இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டால் தெரிந்துவிடும்; தெரிந்தவள் அவசரப்பட மாட்டாள் என்று கணக்குப் போட்டார்கள். பல நாடுகளில் பள்ளிகள் இத்தகைய பொம்மைகளை வாங்கின.

பெர்த்தில் ஆய்வாளர்கள் கூடுதலாக ஒன்றைச் செய்தார்கள். 57 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பொம்மைத் திட்டம், மறு பிரிவுக்கு வழக்கமான சுகாதாரப் பாடம். இரண்டிலும் சேர்த்து 2,834 சிறுமிகள். அவர்களுக்கு 20 வயது ஆகும்வரை பொறுத்திருந்து, மருத்துவமனைகளிலும் கருக்கலைப்பு மையங்களிலும் உள்ள பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொம்மையை வளர்த்தவர்களில் 8 சதவீதம் பேர் அதற்குள் குழந்தை பெற்றிருந்தார்கள். வளர்க்காதவர்களில் 4 சதவீதம். கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் முதல் பிரிவில் 9 சதவீதம், இரண்டாவதில் 6 சதவீதம். 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது. ஆய்வில் சேரச் சம்மதித்தவர்களின் விகிதம் இரண்டு பிரிவுகளிலும் ஒன்றுபோல இல்லை. அதனால் பொம்மைதான் கர்ப்பத்தைக் கூட்டியது என்று அடித்துச் சொல்லத் தயக்கம் உண்டு. குறைத்தது என்று சொல்ல எந்த வழியும் இல்லை.

அந்தச் சிறுமிகளிடம் திங்கட்கிழமை காலையிலேயே ஒரு கேள்வித்தாளை நீட்டியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். குழந்தை வளர்ப்பு கஷ்டமா? ஆமாம். இந்த நிகழ்ச்சி உபயோகமாக இருந்ததா? ஆமாம். இப்போதே அம்மாவாக ஆசையா? இல்லை. மூன்றும் மனதாரச் சொன்ன பதில்களாகவே இருந்திருக்கும். அறிக்கையில் அந்தத் திட்டம் வெற்றி என்று பதிவாகியிருக்கும். இன்னும் பல ஊர்களுக்குப் பரவியிருக்கும்.

நம் பள்ளிகளில் சுகாதாரக் கல்விக்குப் பஞ்சம் இல்லை. கைகழுவும் தினம், குடற்புழு நீக்க நாள், புகையிலை எதிர்ப்பு உறுதிமொழி, போதை ஒழிப்புப் பேரணி, டெங்கு பற்றி ஓவியப் போட்டி, வளரிளம் பெண்களுக்கு மருத்துவர் பேச்சு என்று வருடம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் மேலிடத்துக்கு அறிக்கை போகும்: எத்தனை மாணவர்கள் கலந்துகொண்டார்கள், யார் தலைமை, யார் சிறப்பு விருந்தினர், கூடவே சில புகைப்படங்கள். கொஞ்சம் அக்கறை எடுத்துக்கொள்ளும் தொண்டு நிறுவனமாக இருந்தால் பேச்சுக்கு முன்னால் பத்துக் கேள்வி, பேச்சு முடிந்ததும் அதே பத்துக் கேள்வி. சராசரி மதிப்பெண் நாலிலிருந்து எட்டாக ஏறினால் திட்டம் பலன் தந்தது என்று எழுதுவார்கள்.

அந்த ஏற்றம் பொய்யல்ல. ஒரு மணி நேரத்துக்கு முன் கேட்டதைப் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் அதிலிருந்து தெரிகிறது. அடுத்த மாதமும் நினைவிருக்குமா, நினைவிருந்தால் நடத்தை மாறுமா, நடத்தை மாறினால் உடம்புக்கு நன்மை வந்து சேருமா என்பவை ஒவ்வொன்றும் தனிக் கேள்விகள். முந்தையதற்கு ஆம் என்பதால் அடுத்ததற்கும் ஆம் என்று ஆகிவிடாது. இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது என்று கண்டுபிடிப்பதைத்தான் மதிப்பீடு என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

சங்கிலி அறுந்த இடத்தைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு, தான்சானியாவில் விக்டோரியா ஏரியை ஒட்டிய முவான்சா பகுதியில் நடந்தது. எய்ட்ஸ் ஆப்பிரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்த காலம். 1999-இல் 20 கிராமப்புறச் சமூகங்களைத் தேர்ந்தெடுத்து, பத்தில் மட்டும் திட்டத்தை நடத்தினார்கள். தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புகளில் பாடம். ஆசிரியருக்குத் துணையாக மாணவர்கள் நடிக்கும் சிறு நாடகங்கள். இளைஞர்கள் கூச்சப்படாமல் வந்துபோகும்படி சுகாதார நிலைய ஊழியர்களுக்குப் பயிற்சி. ஊர் மக்களிடையே பிரச்சாரம். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது திட்டம் நடந்த ஊர்களின் பிள்ளைகளுக்கு நோயைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது. மனப்பான்மையிலும் முன்னேற்றம் இருந்தது. தங்கள் நடத்தை பற்றி அவர்கள் சொன்ன பதில்களிலும் ஓரளவு மாற்றம் தென்பட்டது. வேறு எந்த ஆய்வாக இருந்தாலும் இதோடு முடித்துக்கொண்டிருக்கும். இவர்கள் ரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சோதித்தார்கள். எச்.ஐ.வி. தொற்றிலோ பிற பாலியல் தொற்றுகளிலோ கர்ப்பத்திலோ திட்டத்தின் பெயரைச் சொல்லும்படியான குறைவு எதுவும் இல்லை. 2007-08-இல் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். அறிவு நிலைத்திருந்தது. தொற்று குறையவில்லை.

பன்னிரண்டு வயதில் வகுப்பில் கேட்டது ஒரு பெண்ணுக்கு நினைவிருக்கலாம். ஆனால் அவளைவிடப் பத்து வயது மூத்த ஆண் பரிசும் பணமும் கொடுக்கும் சூழலில், வீட்டில் வறுமை இருக்கும்போது, அந்த நினைவு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? குறை பிள்ளைகளிடம் இல்லை. வகுப்பறையால் எட்ட முடியாத இடத்தில் நோய் பரவிக்கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனை செய்யாமல் விட்டிருந்தால் இந்த உண்மை அறிவு வளர்ச்சி என்ற நல்ல செய்திக்குக் கீழே புதைந்துபோயிருக்கும்.

முவான்சா ஆய்வு இன்னொரு சங்கடத்தையும் வெளியே கொண்டுவந்தது. உடலுறவு அனுபவம் உண்டா என்று நேர்முகத்தில் கேட்டபோது இல்லை என்று சொன்ன பிள்ளைகளில் பலருடைய பரிசோதனை முடிவுகள் வேறு மாதிரி இருந்தன. கர்ப்பமோ தொற்றோ உறுதியான பெண்களிலேயே பாதிக்கும் மேற்பட்டோர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே பதில் சொல்லியிருந்தார்கள். இதை வெறும் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாதவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அது தற்காப்பு. ஆனால் அந்தப் பதில்களைக் கூட்டிச் சதவீதம் போட்டு அதன்மேல் ஒரு திட்டத்தின் வெற்றி தோல்வியைக் கட்டினால் அடித்தளம் ஆட்டம் காணும். அதிலும் திட்டம் நடந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு எது சரியான பதில் என்று கூடுதலாகத் தெரியும். அவர்கள் நடத்தை மாறாமல், பதில் மட்டும் மாறலாம். அது வெற்றி மாதிரியே தெரியும்.

கேட்பதற்குப் பதில் பார்த்துவிடலாமே என்றால் அதிலும் சிக்கல். வங்காளதேசக் கிராமங்களில் கைகழுவும் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் சோப்புக் கட்டிக்குள் அசைவை உணரும் சிறு கருவியைப் பதித்து வீடுகளில் வைத்தார்கள். பார்ப்பதற்கு வழக்கமான சோப்புதான். எடுத்தால், உருட்டினால், வைத்தால் ஒவ்வொன்றும் நேரத்தோடு பதிவாகும். சில நாட்கள் கழித்து ஓர் ஆய்வாளர் வந்து ஐந்து மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, யார் எப்போது கைகழுவுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். ஆள் இருந்த நேரத்தில் சோப்பு அசைந்தது, ஆள் இல்லாத நாளின் அதே நேரத்தைவிடச் சுமார் 35 சதவீதம் அதிகம். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்த மனிதர் கவனிக்கிறார் என்றால் யாருமே கொஞ்சம் ஒழுங்காகத்தான் இருப்பார்கள். பள்ளியில் தலைமையாசிரியரோடு சேர்ந்து அதிகாரி குழாயடியில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எளிய மாற்றுவழி ஒன்று உண்டு: மாதம் எத்தனை சோப்பு தீர்ந்தது என்று எண்ணுவது. சோப்பு தொலையலாம், வீட்டுக்கும் போகலாம்; இருந்தாலும் ‘சாப்பிடும் முன் கைகழுவுவாயா’ என்ற கேள்வியைவிட அது நம்பத்தக்கது. குழாயில் தண்ணீர் வந்த நாட்களையும் சேர்த்து எண்ணினால் இன்னும் நல்லது. தண்ணீர் வராத பள்ளியில் கைகழுவும் பாடத்துக்கு மதிப்பெண் போடுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்து, எதோடு ஒப்பிடுவது? ஆறாம் வகுப்பில் ஒரு திட்டம் நடந்தது, எட்டாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகளில் புகைபிடிப்போர் கூடியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். திட்டம் தோற்றதா? அவசியமில்லை. இரண்டு வயது கூடினாலே புகைபிடிப்போர் பெருகலாம். திட்டம் இல்லாத பள்ளியில் இதைவிட அதிகமாகக் கூடியிருக்கலாம். குறைந்திருந்தாலும் அப்படித்தான். அதே ஆண்டில் விலை ஏறியிருக்கலாம், பள்ளிக்கு எதிரே இருந்த பெட்டிக்கடை மூடப்பட்டிருக்கலாம். திட்டம் இல்லாத, மற்றபடி அதே மாதிரியான பள்ளிகள் பக்கத்தில் இருந்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். அவற்றையும் நாமே பொறுக்கியெடுத்தால், நல்ல தலைமையாசிரியர் உள்ள பள்ளிகள் திட்டத்தின் பக்கம் போய்விடும். அதற்காகத்தான் குலுக்கல்.

அமெரிக்காவில் ‘டேர்’ என்ற போதை எதிர்ப்புத் திட்டம் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து தொடங்கியது. சீருடையில் ஒரு காவலர் வகுப்புக்கு வந்து போதைப்பொருளின் தீமையையும் மறுத்துச் சொல்லும் விதத்தையும் வாரம் ஒரு பாடமாக நடத்துவார். பெற்றோருக்குப் பிடித்தது, போலீசாருக்குப் பிடித்தது, அரசியல்வாதிகளுக்கு மிகவும் பிடித்தது. நாட்டின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் பரவியது. 1994-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், போதைப் பழக்கத்தின்மேல் அதன் பாதிப்பு மிகச் சொற்பம் என்றார்கள். 1999-இல் கென்டக்கி மாநிலத்தில் ஆயிரம் பேரைப் பத்து ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். டேர் படித்தவர்களுக்கும் வழக்கமான போதை எதிர்ப்புப் பாடம் மட்டும் படித்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2001-இல் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அதைப் பலனற்றவற்றின் பட்டியலில் சேர்த்தது. அப்படியும் பாடத்திட்டத்தை அடியோடு மாற்ற 2009 வரை ஆனது. அந்த இடைவெளியில் ஒவ்வொரு ஆண்டும் ஒரு புதிய தலைமுறைப் பிள்ளைகள் அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். அந்த மணி நேரங்களில் அவர்களுக்கு வேறு ஏதாவது உருப்படியாகக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

டேர் திட்டத்தைச் சரியாகச் செய்யவில்லை, அதனால்தான் தோற்றது என்று சொல்ல இடமிருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஹட்சின்சன் புகையிலைத் தடுப்பு ஆய்வுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. 1984-இல் தொடங்கியது. 40 பள்ளி மாவட்டங்கள், 8,388 மாணவர்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஆண்டுதோறும் பாடம். அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். அன்றைக்கு நிபுணர்கள் சிறந்ததென்று ஒப்புக்கொண்ட முறை. நண்பர்கள் வற்புறுத்தினால் மறுப்பது எப்படி, விளம்பரம் எப்படி மயக்குகிறது என்றெல்லாம் அதில் இருந்தது. ஊர் மாறிப் போனவர்களையும் விடாமல் தேடி, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கடைசிவரை தொடர்ந்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளில் இது அபூர்வம். பள்ளியை விட்டு நின்றவர்கள்தான் புகைபிடிக்க அதிக வாய்ப்புள்ளவர்கள், அவர்களை விட்டுவிட்டால் எந்தத் திட்டமும் அழகாகத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் தினமும் புகைபிடிப்போர் இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ நாலில் ஒருவர். வித்தியாசம் இல்லை. பதினைந்து வருட உழைப்பை முடித்து 2000-இல் அந்த ஆய்வாளர்கள் இதை அப்படியே வெளியிட்டார்கள். நான் மிகவும் மதிக்கும் அறிவியல் காரியங்களில் இது ஒன்று.

இங்கே கொஞ்சம் கணக்கு பேசியாக வேண்டும், ஏனென்றால் பள்ளி ஆய்வுகளில் அதிகமாகத் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அப்படியானால் ஒரே பானையிலிருந்து நூறு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் நமக்குத் தெரிவது அந்த ஒரு பானையைப் பற்றித்தான். ஒரே பள்ளியின் பிள்ளைகளும் ஒரே ஆசிரியரிடம் படிக்கிறார்கள், ஒரே கடையில் தின்பண்டம் வாங்குகிறார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகுகிறார்கள். அந்த ஒற்றுமையைப் புள்ளியியலார் ஓர் எண்ணாக்குகிறார்கள். அது 0.02 என்ற சிறிய எண்ணாக இருந்தாலும், பள்ளிக்கு 100 பேர் வீதம் 20 பள்ளிகளில் 2,000 பிள்ளைகளை அளந்தால், தகவலின் கனம் சுமார் 670 பேரைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து அளந்ததற்குச் சமம். திட்டத்துக்கு ஒரு பள்ளி, ஒப்பீட்டுக்கு ஒரு பள்ளி என்று வைத்து, பள்ளிக்கு ஆயிரம் பேரை அளந்தாலும் ஒப்பிடுவது இரண்டு பானைகளைத்தான். முனைவர் பட்ட ஆய்வுகளில்கூட இப்படி இரண்டே பள்ளிகளை வைத்து முடிவு சொல்வதைப் பார்க்கிறோம். பிள்ளைகளைக் குறைத்துப் பள்ளிகளைக் கூட்டுவது எப்போதும் நல்லது.

இத்தனையும் படித்தால் பள்ளியில் சுகாதாரம் சொல்லித்தருவதே வீண் என்று தோன்றக்கூடும். அப்படி இல்லை என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலும் ‘மைத்ரி’ என்ற புகையிலைத் தடுப்பு ஆய்வு நடந்தது. இரண்டு நகரங்களிலும் சேர்த்து 32 பள்ளிகள், அரசுப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும். ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும். 14,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள்.

தொடக்கக் கணக்கெடுப்பிலேயே ஆய்வாளர்களுக்கு ஓர் அதிர்ச்சி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புகையிலைப் பழக்கம் எட்டாம் வகுப்பினரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. உலகத்தின் மற்ற இடங்களில் வயது கூடக் கூடப் பழக்கம் கூடும், இங்கே தலைகீழ். புதிய தலைமுறை இன்னும் சீக்கிரமே புகையிலையைத் தொடுகிறது என்பது ஒரு விளக்கம். பெரிய பிள்ளைகள் பதிலை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எது எப்படியானாலும், ஒப்பீட்டுப் பள்ளிகள் இல்லாமல் ஆறாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், ஒன்றுமே செய்யாமல் புகையிலையைப் பாதியாகக் குறைத்துவிட்டதாக அறிவித்திருக்கலாம்.

திட்டத்தில் மேடைப் பேச்சைவிட மாணவர்களின் பங்கு பெரிது. சக மாணவர்களே தலைமையேற்று நடத்தும் வகுப்பறைச் செயல்பாடுகள், பள்ளிச் சுவரில் படங்கள், பெற்றோருக்குப் போகும் அஞ்சலட்டைகள், பிள்ளைகள் வெளியே வந்து குரல் கொடுக்கும் நிகழ்ச்சிகள். இரண்டு ஆண்டு முடிவில், புகையிலை பயன்படுத்துவோர் ஒப்பீட்டுப் பள்ளிகளில் 68 சதவீதம் கூடியிருந்தார்கள். திட்டம் நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள். சிகரெட்டிலும் பீடியிலும் வித்தியாசம் தெளிவாக இருந்தது. மெல்லும் புகையிலையில் ‘இனிமேல் தொட மாட்டேன்’ என்ற எண்ணம் வலுப்பட்டது என்ற அளவில்தான் சொல்ல முடிந்தது. ஹான்ஸ், கூல் லிப் என்ற வாயில் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலங்கள் பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் புகுந்திருக்கும் இன்றைய தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விடக்கூடாது. புகைக்கு எதிராகப் பலித்த பாடம் வாய்க்குள் ஒதுக்கும் பொட்டலத்துக்கு எதிராகவும் பலிக்கும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள இந்த ஆய்வு இடம் தரவில்லை. இங்கும் பிள்ளைகள் தாங்களே எழுதிய பதில்கள்தான் ஆதாரம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

என்ன சொல்கிறோம் என்பதும் பலனை மாற்றும். கென்யாவின் மேற்குப் பகுதியில் 328 பள்ளிகளில் நடந்த ஆய்வில், அரசின் எய்ட்ஸ் பாடத்தை நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். திருமணம்வரை விலகியிரு என்பது அந்தப் பாடத்தின் சாரம். மாணவிகளின் கர்ப்பம் குறையவில்லை. அதே வட்டாரத்தில் 71 பள்ளிகளில் ஒரே ஒருமுறை நாற்பது நிமிடம் வேறொரு பேச்சு நடந்தது. எந்த வயது ஆண்களில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்ற எண்களைப் பக்கத்து நகரத்தின் கணக்கை வைத்துக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். மூத்த ஆண்களிடம் தொற்று பல மடங்கு அதிகம் என்று பெண்கள் அங்கேதான் முதன்முறையாக அறிந்தார்கள். அடுத்த ஓராண்டில் அந்தப் பள்ளிப் பெண்களின் கர்ப்பம் 28 சதவீதம் குறைந்தது. அந்த 328 பள்ளி ஆய்வில் இன்னொரு பிரிவும் இருந்தது. அங்கே சுகாதாரப் பாடமே கிடையாது, இலவசச் சீருடை மட்டும்தான். படிப்பை நிறுத்துவதும் குறைந்தது, கர்ப்பமும் குறைந்தது. கர்ப்பத்தை அளந்திருக்காவிட்டால் சீருடையைச் சுகாதாரத் திட்டம் என்று யார் நினைத்திருப்பார்கள்?

யார் சொல்கிறார்கள் என்பது இன்னும் பெரிய கேள்வி. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் ‘சேஹர்’ என்ற ஆய்வு அதைத்தான் நேரடியாகச் சோதித்தது. 75 அரசு உயர்நிலைப் பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் திட்டத்தை நடத்தியவர் அந்தப் பகுதியைச் சேர்ந்த, மருத்துவமோ மனநலமோ படிக்காத ஒரு சாதாரண ஆலோசகர். பயிற்சி மட்டும் கொடுத்துப் பள்ளிக்கு ஒருவராக அமர்த்தினார்கள். இரண்டாம் பிரிவில் அதே திட்டத்தை அதே பயிற்சி பெற்ற அந்தப் பள்ளி ஆசிரியர் நடத்தினார். மூன்றாவதில் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி. திட்டம் என்றால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச்சு, சுவர்ப் பத்திரிகை, பெயர் போடாமல் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, பள்ளி சுகாதாரக் குழு, தனியாக வந்து பேச விரும்புகிறவர்களுக்கு ஆலோசனை.

ஒரு கல்வியாண்டு முடிவதற்குள் ஆலோசகர் இருந்த பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பள்ளியை உணரும் விதமே மாறியிருந்தது. மனச்சோர்வு குறைந்தது, வம்பிழுப்பதும் அடிதடியும் குறைந்தன. இரண்டாம் ஆண்டில் பலன் இன்னும் கூடியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் மாற்றம் ஏதும் இல்லை. ஒரே காகிதத்தில் எழுதிய ஒரே திட்டம்தான் இரண்டும்.

ஆசிரியரைக் குறை சொல்ல இது ஆயுதமாகிவிடக் கூடாது. பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை பார்த்து, செயலியில் விவரம் ஏற்றி முடித்தபின் மிஞ்சும் நேரத்தில்தான் அவர் இதைச் செய்ய வேண்டும். காலையில் வீட்டுப்பாடத்துக்காகத் திட்டிய அதே ஆளிடம் மாலையில் தன் வீட்டுச் சண்டையைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு வாய் வருமா என்பதும் இருக்கிறது. இந்த முடிவு லான்செட்டில் 2018-இல் வெளியானது. 2020-இல் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் நாடு முழுவதற்கும் தொடங்கிய பள்ளி சுகாதாரத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களைச் சுகாதாரத் தூதுவர்களாக்குகிறது. பள்ளிக்கு ஓர் ஆலோசகரை நியமிக்க ஆகும் செலவு பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளந்தாவின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, சில மாவட்டங்களிலாவது இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் நடத்திப் பார்த்திருக்க வேண்டும். பலன் தராத மலிவான திட்டம் கடைசியில் மலிவாக இருப்பதில்லை.

மதிப்பீடு என்றாலே கோடிக்கணக்கில் பணமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் வேண்டும் என்ற தயக்கத்துக்கு அடிப்படை இல்லை. ஒரு மாவட்டத்தில் இருநூறு பள்ளிகளில் புதிய திட்டம் கொண்டுவர முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் இருநூறிலும் தொடங்க ஆளும் பணமும் எப்படியும் இருக்காது. இந்த ஆண்டு நூறு, அடுத்த ஆண்டு நூறு என்றுதான் போகும். எந்த நூறு முதலில் என்பதைச் சிபாரிசுக்கு விடாமல் குலுக்கிப் போட்டால் போதும். ஒப்பீட்டுக் குழு செலவில்லாமல் கிடைத்துவிடும். யாருக்கும் எதுவும் மறுக்கப்படவும் இல்லை, முறை மட்டும் பின்னால் வருகிறது. இருநூறு பள்ளியிலும் முதல் நாளே கொஞ்சம் அளந்துவைக்க வேண்டும். வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டமென்றால், ‘மாத்திரை சாப்பிட்டாயா’ என்று கேட்காமல் பள்ளிக்கு இருபது முப்பது பேருக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் அளவு. மாதவிடாய் சுகாதாரம் என்றால் கழிப்பறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருந்த நாட்கள், பெண் பிள்ளைகளின் வருகைப் பதிவு. புகையிலை என்றால் பெயர் எழுதாத கேள்வித்தாள், அதுவும் பள்ளி ஆசிரியர் கையில் போகாமல் மூடிய பெட்டியில். வகுப்பு உண்மையில் நடந்ததா, அரைகுறையாக நடந்ததா என்று தனியே ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்து வர வேண்டும். நடக்காத திட்டத்தை மதிப்பிட்டு அது பலிக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பட்டியலைத் தூக்கி எறியாமல், கிராம சுகாதாரச் செவிலியர் மூலம் அவர்களையும் தேடிப் பிடித்து அளக்க வேண்டும்.

ஆண்டு முடிவில் நூறு பள்ளிக்கும் மற்ற நூறு பள்ளிக்கும் வித்தியாசம் இல்லை என்று வந்தால், அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டாமல் எந்தப் பகுதி நடந்தது, எது நடக்கவில்லை, பிள்ளைகள் எதைக் காதில் வாங்கவே இல்லை என்று பிரித்துப் பார்க்கலாம். இரண்டாம் நூறு பள்ளிகளுக்கு அந்தத் திருத்தங்களோடு திட்டத்தை அனுப்ப இன்னும் நேரம் இருக்கும்.